ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் மிஞ்சியிருக்கும் இன்டெல் மென்பொருள்: எதற்குக் காத்திருக்கலாம், எதை இப்போதே மாற்ற வேண்டும்

2020 நவம்பரில் இன்டெலை விட்டு, ஆப்பிள் சிலிக்கான் என்று ஆப்பிள் அழைக்கும் சொந்தச் சிப்பான எம்1ஓடு முதல் மேக்குகள் வந்தபோது எல்லோரும் பெரிய மென்பொருள்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு அதிகம் நீளவில்லை. குரோம் அதே மாதத்தில் நேட்டிவாக, அதாவது புதிய சிப்புக்கென்றே கட்டிய வடிவில், வந்தது. ஃபயர்பாக்ஸும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸும் டிசம்பரில், ஃபோட்டோஷாப் 2021 மார்ச்சில், பிளெண்டர் அதே ஆண்டு ஜூனில். ஆட்டோகேட் 2023 வரை இழுத்தது. இன்றைக்கும் இன்டெல் வடிவத்திலேயே தங்கிவிட்டவை வேறு ரகம். ஓரிருவர் மட்டுமே நடத்தும் நிறுவனத்தின் ஆடியோ ப்ளகின் (இன்னொரு மென்பொருளுக்குள் ஏறி வேலை செய்யும் துணை நிரல்), பழைய ஸ்கேனரோடு வந்த மென்பொருள், ஆய்வகக் கருவியின் சிடியில் இருந்த நிரல், யார் கண்ணிலும் படாமல் பின்னணியில் ஓடும் அப்டேட்டர், இப்படி.

இவற்றுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு கெடு இருக்கிறது. ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்தபடி, இன்டெல் நிரல்களைப் புதிய சிப்பில் ஓடவைக்கும் ரொசெட்டா 2 மேக்ஓஎஸ் 27 வரை முழுமையாகக் கிடைக்கும். அதன்பின், பராமரிப்பு நின்றுபோன பழைய விளையாட்டுகளுக்கு வேண்டிய ஒரு பகுதி மட்டும் மிஞ்சும். இன்டெல் மேக்கில் ஓடும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டஹோ. அதுவும் நான்கே நான்கு இன்டெல் மாடல்களில்தான் ஓடும். ஆப்பிள் கெடுவைத் தள்ளிப்போடும் என்று நம்ப முன்னுதாரணம் இல்லை. பவர்பிசி சிப்பிலிருந்து இன்டெல் சிப்புக்கு 2006இல் மாறியபோது கொடுத்த முதல் ரொசெட்டாவை 2011இல் லயன் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். 32 பிட் நிரல்கள் 2019இல் கேட்டலீனாவோடு ஓடாமல் நின்றன. இரண்டு முறையும் கடைசி வாரத்தில் விழித்துக்கொண்டவர்கள்தான் பழைய கோப்புகளைத் திறக்க வழியில்லாமல் நின்றார்கள்.

ரொசெட்டா எங்கே கைவிடும்

ரொசெட்டா என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எது ஏன் உடைகிறது என்பது புரியும். ஒரு இன்டெல் நிரலை முதன்முறை திறக்கும்போது ரொசெட்டா அதன் கட்டளைகளை ஆப்பிள் சிப்புக்குப் புரியும் ஆர்ம் கட்டளைகளாக மாற்றி வட்டில் சேமித்துவைக்கிறது. முதல் முறை திறக்கத் தாமதமாவதும், அடுத்த முறை சட்டென்று திறப்பதும் இதனால்தான். ஓடும்போதே புதிதாகக் கட்டளைகளை உருவாக்கும் நிரல்களை, அதாவது ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் வைத்திருப்பவற்றை, முன்கூட்டி மாற்றிவைக்க முடியாது. அவற்றை அந்த நொடியில் மாற்ற வேண்டும். எலக்ட்ரான் என்ற, உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் வைத்திருக்கும் கட்டமைப்பு கொண்டு கட்டிய அரட்டை, குறிப்பு மென்பொருள்களின் இன்டெல் வடிவம் மந்தமாக இருப்பதற்கும் பேட்டரியைக் குடிப்பதற்கும் இதுவே காரணம். கனமான ஒரு படத்தொகுப்பு மென்பொருள் ரொசெட்டாவில் அலட்டிக்கொள்ளாமல் ஓடிவிடும். ஒரு அரட்டை ஆப் உயிரை வாங்கும்.

ரொசெட்டா தொடவே தொடாதவை மூன்று. முதலாவது, கர்னல் எக்ஸ்டென்ஷன்கள். இயங்குதளத்தின் உள்ளேயே ஏறிக்கொள்ளும் பழைய வகை டிரைவர்கள் இவை. இரண்டாவது, இன்டெல் கணினியையே உள்ளே ஓட்டும் மெய்நிகர் கணினி மென்பொருள்கள். மூன்றாவது, கனமான கணக்கீடுகளுக்கென்று இன்டெல் சிப்பில் இருக்கும் ஏவிஎக்ஸ்-512 வகைக் கட்டளைகள். ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் முதலில் ஆதரவில் இல்லை. 2024இல் வந்த மேக்ஓஎஸ் 15 செக்கோயாவில்தான் சேர்த்தார்கள். ஒரு அறிவியல் நிரலோ விளையாட்டோ திறந்தவுடன் மூடிக்கொண்டு, விபத்து அறிக்கையில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று வந்தால், உங்களிடம் இருப்பது செக்கோயாவுக்கு முந்தைய பதிப்பா என்று பாருங்கள். பல நேரம் இயங்குதளத்தைப் புதுப்பிப்பதோடு தீர்ந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு: மேக்கில் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், முழுவதும் ஒரே கட்டமைப்பில்தான் (இன்டெல் அல்லது ஆர்ம்) ஓடும். நேட்டிவாக ஓடும் ஒரு மென்பொருளுக்குள் இன்டெல் ப்ளகினை ஏற்ற முடியாது. இன்டெலாக ஓடும் மென்பொருளுக்குள் ஆர்ம் ப்ளகினையும் ஏற்ற முடியாது. "அப்டேட் செய்த பிறகு என் ப்ளகின் எல்லாம் காணாமல் போய்விட்டது" என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கேதான்.

எது இன்டெல் என்று கண்டுபிடிப்பது

ஒரே இடத்தில் முழுப் பட்டியலும் வேண்டுமானால், ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குப் போங்கள். இடப்பக்கம் சாஃப்ட்வேர் என்பதன் கீழ் அப்ளிகேஷன்ஸ். பட்டியல் நிரம்பச் சற்று நேரம் பிடிக்கும். கைண்ட் என்ற நெடுவரிசையின் தலைப்பைச் சொடுக்கினால் இன்டெல், யுனிவர்சல், ஆப்பிள் சிலிக்கான் என்று வகைவாரியாக அடுக்கிக்கொள்ளும். இன்டெல் என்றிருப்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். யுனிவர்சல் என்றால் இரண்டு வடிவமும் ஒரே தொகுப்பில் இருக்கிறது, கவலை வேண்டாம்.

ஒரு மென்பொருளை மட்டும் பார்க்க, ஃபைண்டரில் அதைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்தினால் வரும் கெட் இன்ஃபோ சாளரத்தில் அதே கைண்ட் வரி இருக்கும். யுனிவர்சல் மென்பொருளாக இருந்தால் கீழே "ஓப்பன் யூசிங் ரொசெட்டா" என்று ஒரு தேர்வுப் பெட்டியும் இருக்கும். எப்போதோ ஒரு ப்ளகினுக்காக அதை டிக் செய்துவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். நேட்டிவ் வடிவம் கையில் இருந்தும் ஆண்டுக்கணக்கில் இன்டெலாகவே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பட்டியல் காட்டாதவையும் உண்டு. பின்னணியில் ஓடும் துணை நிரல்கள், அப்டேட்டர்கள், மேகச் சேமிப்பின் ஒத்திசைவு நிரல்கள் ஆகியவற்றை ஆக்டிவிட்டி மானிட்டரில்தான் பிடிக்க வேண்டும். சிபியு தாவலில் கைண்ட் நெடுவரிசை இல்லையென்றால் வியூ மெனுவில் காலம்ஸ் போய் அதைச் சேருங்கள். ஆப்பிள், இன்டெல் என்று இரண்டே விடைதான் வரும். ஒரு முறை பார்த்தால் போதாது; மாதாந்திர வேலைக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் நிரல் அன்றைக்குத்தான் கண்ணில் படும். கணக்கு முடிக்கும் நாள், அச்சு வேலை நடக்கும் நாள், பேக்கப் ஓடும் நேரம் எனச் சில வாரங்கள் பார்த்துவைப்பது நல்லது.

ப்ளகின்களுக்கும் நூலகக் கோப்புகளுக்கும் கெட் இன்ஃபோ கை கொடுக்காது. அதற்கு இப்படிச் செய்யுங்கள்:

1. ப்ளகின் கோப்புறையைத் திறக்கவும். ஆடியோ ப்ளகின்கள் வட்டின் மூல லைப்ரரி கோப்புறையில் ஆடியோ, அதனுள் ப்ளக்-இன்ஸ் என்ற கோப்புறையில் இருக்கும். உங்கள் பயனர் லைப்ரரியிலும் இதே பெயரில் ஒன்று உண்டு, இரண்டையும் பாருங்கள்.
2. ப்ளகின் மீது வலச்சொடுக்கு செய்து "ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்" தேர்ந்து, கன்டென்ட்ஸ், அதனுள் மேக்ஓஎஸ் கோப்புறைக்குப் போகவும். உள்ளே இருக்கும் கோப்புதான் உண்மையான நிரல்.
3. டெர்மினலைத் திறந்து ஃபைல் என்ற நான்கெழுத்து ஆங்கிலக் கட்டளையைத் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, அந்தக் கோப்பை அப்படியே டெர்மினல் சாளரத்துக்குள் இழுத்துப்போட்டு ரிட்டர்ன் அழுத்தவும்.
4. விடையில் ஆர்ம்64 இருந்தால் சரி. எக்ஸ்86-64 மட்டும் இருந்தால் அது இன்டெல் ப்ளகின்.

காத்திருக்கவே தேவையில்லாதவை

பட்டியலில் வந்த இன்டெல் மென்பொருள்களில் பாதிக்கு நேட்டிவ் வடிவம் என்றைக்கோ வந்திருக்கக்கூடும். உங்களுக்கு வந்து சேராததற்கு இரண்டு காரணங்கள். சில நிறுவனங்கள் யுனிவர்சலாகக் கொடுக்காமல் இன்டெலுக்கு ஒன்று, ஆப்பிள் சிலிக்கானுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்பு வைத்திருப்பார்கள். பதிவிறக்கப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது எதுவோ அதைத்தான் நாம் எடுப்போம். பிறகு உள்ளிருக்கும் அப்டேட்டர், எந்த வடிவத்தை நிறுவினீர்களோ அதையே விசுவாசமாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். இரண்டாவது காரணம், பழைய இன்டெல் மேக்கிலிருந்து மைக்ரேஷன் அசிஸ்டென்ட் வழியே எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தது. அது கோப்புகளைப் பெயர்க்குமே தவிர, வடிவத்தை மாற்றாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ஆப்பிள் சிலிக்கான் கோப்பைப் பதிவிறக்கி, பழையதை நீக்கி, புதிதாக நிறுவுங்கள். அமைப்புகள் பெரும்பாலும் பயனர் லைப்ரரியில் தனியாக இருப்பதால் அழியாது. ஆனாலும் உரிமம் கணினியோடு பிணைந்திருக்கும் மென்பொருளானால், நீக்கும் முன் உரிமத்தை டீஆக்டிவேட் செய்துவிடுங்கள். நேட்டிவ் வடிவம் அடுத்த பெரிய பதிப்பில்தான் வந்தது, அதற்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும் என்றால், அந்தப் பணத்தையும் மாற்று மென்பொருளின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய பதிப்புக்கு இலவசமாக நேட்டிவ் வடிவம் பின்னால் வரும் என்ற எதிர்பார்ப்பு அநேகமாகப் பலிப்பதில்லை.

எழுத்துருக்களைப் பற்றிப் பலருக்கும் ஒரு தேவையில்லாத பயம் இருக்கிறது. எழுத்துரு வெறும் தரவு. அதற்கு இன்டெல், ஆர்ம் என்ற பேதமே கிடையாது. பழைய பாமினி, டிஸ்கி எழுத்துருக்களில் செய்த பக்கங்கள் சிப் மாறியதால் கெடாது. தமிழ் தட்டச்சுக்கென்று இன்டெல் காலத்து இன்புட் மெதட் ஏதாவது வைத்திருந்தால் மட்டும் அதை ஓய்வு கொடுத்து அனுப்பலாம். அஞ்சலும் தமிழ்99உம் மேக்ஓஎஸ்ஸிலேயே இருக்கின்றன. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்ட், அதில் இன்புட் சோர்சஸ் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ப்ளகின்கள்: சிக்கலின் நடுமையம்

இசைப்பதிவு, ஒலிக்கலவை வேலை செய்பவர்கள்தான் அதிகம் அடிபட்டவர்கள். ஒரு ப்ராஜெக்டில் நாற்பது ப்ளகின் இருந்து, அதில் ஒன்று மட்டும் இன்டெலாக இருந்தாலும், முழு மென்பொருளையும் ரொசெட்டாவில் ஓட்ட வேண்டிய நிலை வரும். ஆனால் ஹோஸ்ட், அதாவது ப்ளகினை ஏற்றும் மென்பொருள், எது என்பதைப் பொறுத்து விடை மாறும்.

லாஜிக் ப்ரோ நேட்டிவாக ஓடும்போதே, ஆடியோ யூனிட் என்ற ஆப்பிளின் ப்ளகின் வகையைச் சேர்ந்த இன்டெல் ப்ளகின்களைத் தனி ப்ராசஸில் ரொசெட்டா வழியே ஏற்றிக்கொள்ளும். ஒரே ப்ராசஸ் விதியை அது மீறவில்லை. ப்ளகினை வெளியே வைத்து ஒலியை மட்டும் பரிமாறிக்கொள்கிறது. கொஞ்சம் கூடுதல் சுமை, அவ்வளவுதான். இன்னொரு பரவலான வகையான விஎஸ்டிக்கு மேக்ஓஎஸ் இந்த வசதியைக் கொடுப்பதில்லை. ஏபிள்டன் லைவ், கியூபேஸ் போன்றவை நேட்டிவாக ஓடினால் விஎஸ்டி3 ப்ளகினும் நேட்டிவாக இருந்தாக வேண்டும்.

ஆகவே ஒரு ப்ளகினுக்காக முழு ஹோஸ்டையும் ரொசெட்டாவில் கட்டிப்போடும் முன் இந்த வரிசையில் முயலுங்கள். அதே ப்ளகினுக்கு விஎஸ்டி2 பழையதாகவும் விஎஸ்டி3 புதியதாகவும் இருக்கிறதா? பல நிறுவனங்கள் விஎஸ்டி3க்கு மட்டும் ஆர்ம் வடிவம் கொடுத்துவிட்டு விஎஸ்டி2வை அப்படியே விட்டுவிட்டன. இல்லையென்றால், ரொசெட்டாவில் ப்ராஜெக்டைத் திறந்து அந்த ட்ராக்கை மட்டும் ஆடியோவாக ரெண்டர் செய்து, ப்ளகினை நீக்கிச் சேமித்து, ஹோஸ்டை நேட்டிவாகத் திறங்கள். ப்ளகின் அமைப்புகளின் திரைப்பிடிப்பு ஒன்றையும் ப்ராஜெக்ட் கோப்புறையில் போட்டுவையுங்கள். வேறு ப்ளகினில் அதே ஒலியை மீண்டும் கட்ட அது உதவும். ப்ரீசெட் கோப்பு மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த ப்ளகின் திறக்காத நாளில் ப்ரீசெட்டைப் படிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

நடக்கிற வேலையின் நடுவே ஹோஸ்டை மாற்றாதீர்கள். ப்ராஜெக்டின் பிரதி ஒன்றை நேட்டிவில் திறந்து, எந்த ப்ளகின் வரவில்லை என்று குறித்துக்கொண்டு, அதைத் தீர்த்தபின் அசலுக்கு வாருங்கள். சில ஹோஸ்ட்கள் காணாத ப்ளகினோடு சேமித்தாலும் அமைப்புகளைக் காப்பாற்றிவைக்கும், சில வைக்காது.

ஃபோட்டோஷாப்பிலும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. நேட்டிவில் பழைய ஃபில்டர் காணவில்லையென்றால் கெட் இன்ஃபோவில் ரொசெட்டா பெட்டியை டிக் செய்து ஒரு முறை திறந்து, ஃபில்டர் வேலையை முடித்து, டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்க மறக்காதீர்கள்.

டிரைவர்களும் யூஎஸ்பி சாதனங்களும்

இன்டெல் கர்னல் எக்ஸ்டென்ஷன் ஆப்பிள் சிலிக்கானில் எந்தத் தந்திரத்தாலும் ஏறாது. ரொசெட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆர்ம் வடிவ எக்ஸ்டென்ஷன் கிடைத்தால்கூட அது தானாக ஏறிவிடாது. கணினியை அணைத்து, பவர் பொத்தானை ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்தி, ஆப்ஷன்ஸ் வழியே உள்ளே போய், யுடிலிட்டீஸ் மெனுவில் ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யுடிலிட்டியைத் திறந்து, ரெட்யூஸ்ட் செக்யூரிட்டியைத் தேர்ந்து, கர்னல் எக்ஸ்டென்ஷன்களை அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். கணினியின் பாதுகாப்பை ஒரு படி இறக்குகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சாதாரணச் சாதனத்துக்காக இதைக் கேட்கும் தயாரிப்பாளரிடமிருந்து நகர்வதே நல்லது.

பல சாதனங்களுக்கு அவர்களின் டிரைவரே தேவையில்லை. ஆடியோ இன்டர்ஃபேஸ் கிளாஸ் கம்ப்ளையன்ட் வகையானால், அதாவது இயங்குதளத்தின் பொது டிரைவரிலேயே ஓடும் வகையானால், செருகியதும் வேலை செய்யும்; போகக்கூடியது அதன் கட்டுப்பாட்டு மென்பொருள் மட்டும்தான். பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கும்போது "யூஸ்" பட்டியலில் ஏர்பிரிண்ட் (தனி டிரைவர் தேவைப்படாத ஆப்பிளின் அச்சு முறை) இருந்தால் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் இன்டெல் டிரைவர் இனி தேவைப்படாது. ஸ்கேனரை முதலில் ஆப்பிளின் இமேஜ் கேப்ச்சரில் பாருங்கள். அதில் தெரியவில்லையென்றால் வியூஸ்கேன் என்ற மென்பொருள் கைவிடப்பட்ட மிகப் பல ஸ்கேனர்களுக்குத் தானே டிரைவர் எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுக்க வேண்டும். புது ஸ்கேனரைவிட மலிவு.

டெர்மினலில் வாழ்பவர்களுக்கு

நிரலாளர்களின் கணினியில் கலப்படம்தான் பெரிய தலைவலி. டெர்மினல் கருவிகளை நிறுவித்தரும் ஹோம்ப்ரூவின் இன்டெல் வடிவம் யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறையிலும், ஆர்ம் வடிவம் ஓப்ட் ஹோம்ப்ரூ கோப்புறையிலும் உட்காரும். பழைய மேக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவர்களிடம் இரண்டும் இருக்கும். எது முதலில் கிடைக்கிறதோ அது ஓடும். பழையதிலிருந்து ப்ரூ பண்டில் டம்ப் கட்டளையால் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் ஹோம்ப்ரூவை நிறுவி, அந்தப் பட்டியலைக் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாக இறக்குங்கள். சரியாக ஓடுகிறது என்று உறுதியானபின் பழையதை நீக்குங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இல்லையென்றால் ஒரு நாள் லிங்கர் பிழையில் மாட்டுவார்கள்.

நீங்கள் இருக்கும் ஷெல் எந்த வடிவம் என்று அறிய ஆர்ச் கட்டளையைத் தட்டுங்கள். ஆர்ம்64 என்றால் நேட்டிவ், ஐ386 என்றால் ரொசெட்டா. இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. விஎஸ் கோட் போன்ற எடிட்டரின் இன்டெல் வடிவத்தை வைத்திருந்தால், அதற்குள் திறக்கும் டெர்மினலும் இன்டெலாகவே தொடங்கும். அங்கிருந்து நிறுவும் பைத்தான் தொகுப்புகளும் நோட் மாட்யூல்களும் இன்டெல் வடிவத்தில் இறங்கும். பிறகு வெளியே சாதாரண டெர்மினலில் ஓட்டினால், கோப்பில் இருப்பது எக்ஸ்86-64, வேண்டியது ஆர்ம்64 என்று பிழை வரும். எடிட்டரை முதலில் சரிசெய்யாமல் தொகுப்பை எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் பிழை போகாது.

பைத்தானின் வெர்ச்சுவல் என்விரான்மென்ட், நோட் மாட்யூல்ஸ் கோப்புறை இரண்டையும் பழைய கணினியிலிருந்து நகலெடுக்காதீர்கள்; தேவைப் பட்டியலை வைத்துப் புதிதாகக் கட்டுங்கள். பைத்தானின் அதிகாரபூர்வ யுனிவர்சல் நிறுவி 3.9.1இலிருந்தும், நோடின் அதிகாரபூர்வ ஆர்ம் வடிவம் 16இலிருந்தும் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பையே நம்பியிருக்கும் பழைய ப்ராஜெக்டுகளுக்குப் பெரும்பாலும் ரொசெட்டாதான் வழி, அதுவும் கெடு வரைக்கும். ஜாவாவில் ஜேடிகே 17 முதல் மேக்கின் ஆர்ம் வடிவம் ஓப்பன்ஜேடிகேயிலேயே உண்டு. ஜாவா நிரல் எந்தச் சிப்பிலும் ஓடும் என்பது சரிதான், ஆனால் ஜேஎன்ஐ வழியே இணைத்த உள்ளூர் நூலகம் இன்டெலாக இருந்தால் ஆர்ம் ஜேடிகேயில் அது ஏறாது. டாக்கரில், படிமத்துக்கு ஆர்ம்64 வடிவம் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாதபோது, டாக்கர் டெஸ்க்டாப்பின் அமைப்பில் ரொசெட்டாவை இயக்கினால் ஓட்டம் வேகமாகும்.

மேக்கில் விண்டோஸ் வைத்திருந்தவர்கள்

இன்டெல் மேக்கில் விண்டோஸை நேரடியாக நிறுவித்தந்த பூட் கேம்ப் ஆப்பிள் சிலிக்கானில் கிடையாது, வரப்போவதும் இல்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் வேண்டுமென்றால் பேரலல்ஸ் அல்லது விஎம்வேர் ஃப்யூஷன் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஆர்ம் வடிவ விண்டோஸ் 11ஐ நிறுவ வேண்டும். பேரலல்ஸ் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் பழைய இன்டெல் மெய்நிகர் கணினியின் கோப்பு இதில் வழக்கம்போல் ஓடும் என்று நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் தரவை முன்பே எடுத்துவைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 11 தன் பங்குக்கு 32 பிட், 64 பிட் இன்டெல் நிரல்களை ஆர்ம் சிப்பில் ஓட்டிவிடும். டிரைவர்களை ஓட்டாது. உள்ளூர்த் தணிக்கையாளர்களுக்கும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கும் இதில் ஒரு பொறி: டிஜிட்டல் கையெழுத்து வைத்திருக்கும் யூஎஸ்பி டோக்கன். அதன் நிறுவனம் ஆர்ம் விண்டோஸுக்கு டிரைவர் தருகிறதா என்று கேட்டு, ஒரு முறை உண்மையாகவே கையெழுத்துப் போட்டுப் பார்க்கும்வரை பழைய இன்டெல் கணினியை விற்க வேண்டாம். ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் சிப் கொண்ட விண்டோஸ் மடிக்கணினி வாங்குவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே எது இன்டெல் என்று அறிய டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் தாவலில் ஆர்க்கிடெக்சர் நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள்.

தயாரிப்பாளரிடம் கேட்கும் முறை

"எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டால் "வேலை நடக்கிறது" என்றுதான் பதில் வரும். எது தடுக்கிறது என்று கேளுங்கள். தாமதத்தின் காரணங்கள் சிலவே. மூல நிரல் கையில் இல்லாத வெளி நூலகம், நகல் பாதுகாப்புக்கு வாங்கிய மென்பொருளின் பழைய பதிப்பு, இன்டெலின் எஸ்எஸ்இ கட்டளைகளை நேரடியாக எழுதிய கணக்கீட்டுப் பகுதி, கர்னல் டிரைவர், அல்லது நிரலை எழுதியவர் போய்விட்டது. முதல் இரண்டும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. அவர் கொடுத்தால் விரைவில் வரும். மூன்றாவது, ஆள் இருந்தால் முடியும். நான்காவதில் மறுபடி எழுத வேண்டும். ஐந்தாவது வராது.

கடிதத்தில் மென்பொருளின் பதிப்பு எண், மேக்ஓஎஸ் பதிப்பு, ஃபைல் கட்டளையின் விடை, மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு என்ன திட்டம் என்ற கேள்வி, இவை போதும். பதிலைவிட நம்பகமான சாட்சி அவர்களின் வெளியீட்டுக் குறிப்புகள். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு புதுப்பிப்பும் இல்லையென்றால், பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

வரவே வராது என்று தெரிந்தபின்

முதல் வேலை தரவை வெளியே எடுப்பது. ரொசெட்டா ஓடுகிற நாளிலேயே எல்லாக் கோப்புகளையும் திறந்து, பொது வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள்: ஒலி டபிள்யூஏவியாக, படம் டிஃப்பாக, பக்கங்கள் பிடிஎஃப் ஆகவும் கூடவே திருத்தக்கூடிய வேறொரு வடிவிலும், தரவுத்தளம் சிஎஸ்வியாக. ஏற்றுமதி செய்ததை வேறொரு மென்பொருளில் திறந்து சரிபாருங்கள். தமிழ் எழுத்துகள் உள்ள சிஎஸ்வியில் யூடிஎஃப்-8 தேர்வு விடுபட்டால் கேள்விக்குறிகளாகத்தான் மிஞ்சும். அது தெரியவருவது மூலம் திறக்காமல் போன பிறகாக இருக்கக்கூடாது.

ரொசெட்டா இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று இப்போதே ஒத்திகை பார்க்கலாம். டிஸ்க் யுடிலிட்டியில் புதிதாக ஒரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் சேர்த்து, 60 ஜிபியாவது இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதில் மேக்ஓஎஸ்ஸைத் தனியாக நிறுவுங்கள். புதிய நிறுவலில் ரொசெட்டா இருக்காது. உங்கள் மென்பொருள்களை அங்கே நிறுவி ஒவ்வொன்றாகத் திறக்கும்போது, ரொசெட்டா வேண்டும் என்று கேட்பதையெல்லாம் குறித்துக்கொண்டு "நாட் நவ்" கொடுங்கள். துணை நிரல்கள் கேட்காது, சும்மா தோற்றுப்போகும்; டெர்மினலில் "பேட் சிபியு டைப்" என்று வருவது அதன் அடையாளம். மென்பொருள் நேட்டிவாக இருந்தும் அதன் நிறுவி இன்டெலாக இருப்பதும் இங்கே வெளிப்படும். வேலை முடிந்ததும் வால்யூமை அழித்துவிடலாம்.

தரவை எடுக்க முடியாது, மாற்றும் இல்லை என்ற நிலையில் ஒரு கணினியை உறையவைப்பதே வழி. நான்கு, ஐந்து ஆண்டுப் பழைய இன்டெல் மேக் ஒன்று இருந்தால் அதை இந்த ஒரு வேலைக்கு ஒதுக்கி, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, இணையத்திலிருந்து பிரித்து, வட்டின் முழுப் பிரதி ஒன்றை வெளியே வைத்துவிடுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்கையே மேக்ஓஎஸ் 27இல் நிறுத்திவைக்கவும் செய்யலாம். பழைய பதிப்புகளுக்கு ஆப்பிள் வழக்கமாக இரண்டு ஆண்டுகள்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தந்துவருகிறது, ஆகவே அதுவரை இணையத்தில் வைத்திருக்கலாம். அப்படி ஒரு திட்டம் இருந்தால் கணினி வாங்கும் காலத்தைக் கவனியுங்கள். ஒரு மேக் எந்தப் பதிப்போடு விற்பனைக்கு வந்ததோ அதற்கு முந்தைய பதிப்பை அதில் நிறுவ முடியாது. மேக்ஓஎஸ் 28ஓடு வரும் புதிய மாடலை வாங்கிவிட்டு 27க்கு இறங்கலாம் என்று எண்ணினால் நடக்காது. இன்டெல் மென்பொருளுக்கென்று ஒரு கணினி வேண்டுமென்றால் அதற்கு முன்பே வாங்கிவைக்க வேண்டும்.